தெற்குப் பார்த்த பல்கனி

2002 ஒக்டோபர் 12, சனி

இன்று உடுப்புத் தோய்க்கும் முறை எங்களுடையது. நிலவறை இயந்திரத்தில் போட்டுவிட்டு மேலே வந்து புட்டு அவித்தேன். மாமா ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, யூரா மலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். மாமி செத்தபிறகு பருத்தித்துறையில் தகப்பனைத் தனியே விடக்கூடாது என்று இவர்தான் அடம்பிடித்து சுவிஸில் இந்தப் பீல் நகரத்துக்குக் கூப்பிட்டார். இவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்கும் நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டறை வேலைக்கும் போய்விட்டால் மனிதருக்கு அந்த மலைதான் துணை.

பின்னேரம் தயாபரன் வந்தார். எங்கள் ஆட்களின் வீடுகளில் தமிழ் ரீவி பார்க்க டிஷ் பூட்டிக் கொடுப்பவர் அவர்தான். இங்கே டிஷ் என்று யாரும் சொல்வதில்லை, சட்டி என்றுதான் சொல்கிறோம். திசைகாட்டியோடு எங்கள் பல்கனியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையாட்டினார். இந்த நாட்டிலிருந்து பார்த்தால் சற்றலைட் தெற்குப் பக்கத்தில் நிற்கிறதாம். எங்கள் வீடு முழுக்க வடக்குப் பார்த்தது. எவ்வளவு பெரிய சட்டி வைத்தாலும் மலையைத்தான் பிடிக்கும் என்று சிரித்தார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மாமாவுக்காகத்தான். சனிக்கிழமை மட்டும் இந்திராணி அக்கா வீட்டில் நாடகம் பார்த்துவிட்டு, மிச்ச நாளில் என்ன நடந்தது என்று அவவிடம் ரெலிபோனில் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கும் அலுத்துப்போனது உண்மைதான். ஆனால் அது வேறு கதை.

போகும்போது தயாபரன் ஒரு வழி சொன்னார். இந்த மாடியில் தெற்குப் பார்த்த வீடு பக்கத்து வீடு. அவர்களுடைய சமையலறைச் சுவரும் எங்கள் குசினிச் சுவரும் ஒன்றுதான். சட்டியை அந்தப் பல்கனியில் பூட்டினால், சுவரில் ஒரு துளை போட்டு வயரை எங்கள் பக்கம் இழுத்துவிடலாம்.

பக்கத்து வீடு சுகிர்தாவினுடையது.

ஒக்டோபர் 14, திங்கள்

சுகிர்தாவும் எங்கள் ஊர்ப்பக்கத்து வடமராட்சிப் பிள்ளைதான். இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒன்றரை வருடம் இருக்கும். படியில் கண்டால் சிரிப்போம். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று எங்கள் ஆட்கள் அவளை ஒன்றுக்கும் கூப்பிடுவதில்லை. எனக்கு அவளில் ஒரு கோபமும் கிடையாது. கதவைத் தட்டத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று தட்டினேன். என்னைக் கண்டதும் யாரும் செத்துப்போனார்களோ என்று பயந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஓம் என்றுவிட்டாள், யோசிக்கவேயில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலையாம். சுவரில் ஒரு பெண்பிள்ளையின் படம். மகள், பெயர் ஆரணி, கொழும்பில் சுகிர்தாவின் தமக்கையுடன் இருக்கிறாள். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தது, இப்போது பதினொன்று. பிள்ளையை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சொந்த உழைப்பும் சொந்தப் பெயரில் ஒரு வீடும் இருந்தால் விடுவார்களாம். இரண்டும் இருக்கிறது என்று, பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போலச் சொன்னாள்.

இங்கத்தைய ஜேர்மன் மொழி, டொச், அவளுக்கு வரவில்லையாம். எனக்கு வரும், கடிதம் கிடிதம் வந்தால் கொண்டுவாரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போவதென்றாலும் கந்தோருக்குப் போவதென்றாலும் என்னைத்தானே மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறார்கள்.

ஒக்டோபர் 19, சனி

கடைக்குப் போனோம். விற்கிற வெள்ளைக்காரப் பையன் நல்ல பொறுமைசாலி. வாடகை வீட்டுக்கு இதுதான் நல்லது என்று சின்னச் சட்டி ஒன்றைக் காட்டினான். காலோடு வருகிறது, பல்கனி நிலத்தில் வைத்துக் கீழே கொங்கிறீற் கல்லால் பாரம் ஏற்றிவிட்டால் போதும், சுவரில் கை வைக்கத் தேவையில்லை. பெருமழைக்கும் பனிக்கும் கொஞ்ச நேரம் படம் போகும், மற்றப்படி குறையில்லை என்றான்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இந்திராணி அக்கா வீட்டில் பார்த்திருக்கிறேனே. போன மாரியில் பனி கொட்டக் கொட்ட, கல்யாண வீட்டுக் காட்சி முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்துபோனது. பெரியதையே எடுப்போம் என்றேன். பெரியது காலில் நிற்காது, காற்று தூக்கிவிடும், சுவரில் போல்ற் அடித்துத்தான் பூட்ட வேண்டும் என்று தயாபரன் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். மாமாவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

சட்டி பூட்டியாயிற்று. காலையிலிருந்து சுகிர்தா வீட்டில் ஒரே தூசி. பல்கனிச் சுவரில் நாலு துளை. சட்டியைக் கண்டதும் அவள் கொஞ்சம் திகைத்துப்போனாள்.

“சின்னன் காணாதோ அக்கா?”

சின்னதில் பனிக்குப் படம் நிற்காது என்று விளங்கப்படுத்தினேன். வீட்டு நிர்வாகத்திடம் கேட்கத் தேவையில்லையோ என்று இன்னொரு கேள்வி கேட்டாள். எல்லாரும் பூட்டித்தான் இருக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

தயாபரன் சட்டியை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்புவார், மீற்றரைப் பார்ப்பார், பிறகு ஒரு மயிரிழை மேலே தூக்குவார். இவர் எங்கள் வீட்டில் ரீவிக்கு முன்னால் நின்று குசினித் துளையால் “இல்லை, இல்லை” என்று கத்திக்கொண்டிருந்தார். திடீரென்று தமிழ்க் குரல் ஒன்று வீட்டுக்குள் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா எழுந்து வந்து செய்தி முழுவதையும் நின்றபடியே பார்த்தார். பிறகு பழையபடி ஜன்னலடிக்குப் போய்விட்டார்.

துளையை எங்கள் பக்கம் குளிர்ப்பெட்டி மறைக்கிறது, அவள் பக்கம் அலுமாரி.

சுகிர்தாவின் ரீவிக்கும் ஒரு வயர் கொடுப்பதென்றால் சற்றலைட் படத்தை ரீவிக்குக் கொடுக்கிற இன்னொரு பெட்டியும் சட்டிக் கண்ணுக்கு இன்னொரு துண்டும் வாங்க வேண்டுமாம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று இவர் சொன்னார். அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 2, சனி

இந்திராணி அக்காவும் இன்னும் மூன்று பேரும் நாடகம் பார்க்க வந்தார்கள். இனிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான். ரோல் பொரித்தேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சட்டி எங்கே என்று இந்திராணி அக்கா கேட்டா. பின்பக்கம் என்றேன். பொய்யில்லை.

நடுவில் கதவு தட்டிக் கேட்டது. சுகிர்தா பால்ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே வாங்கி நன்றி சொல்லி அனுப்பினேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், இடமும் இல்லை. யார் என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்றேன். ரொட்டி நன்றாக இருந்தது.

நவம்பர் 13, புதன்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, சுகிர்தா கூப்பிட்டாள். தொடர்மாடியைப் பராமரிக்கிற ஹெர் கெல்லர் அவளுடைய வாசலில் நின்றார். சட்டியைப் பற்றி ஏதோ கதைத்தார். பனிக்காலம் வருகிறது, கவனம் என்ற மாதிரி. அவளுக்குச் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை.

மாமாவுக்குப் புதுக் கம்பளிக் காலுறை வாங்கினேன். நாடகத்தில் இன்று அந்தப் பெண் கடைசியில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டாள். நாளைக்கு என்ன நடக்குமோ தெரியவில்லை.

நவம்பர் 30, சனி

முதற்பனி. படம் அசையவில்லை.

டிசம்பர் 25, புதன்

எல்லோருக்கும் விடுமுறை. சுகிர்தாவுக்கு மட்டும் வேலை. நத்தாருக்கு வயோதிபர்களின் பிள்ளைகள் வருவார்களாம், இல்லம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். போகிற வழியில் கதவைத் தட்டி, ஆரணியின் விண்ணப்பம் கடைசி மேசைக்கு வந்துவிட்டது என்று சொன்னாள். வசந்தத்துக்குள் பதில் வருமாம். நல்லது என்றேன். இரண்டாவது பெட்டி வாங்கும் கதையை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

2003 ஜனவரி 9, வியாழன்

தலையிடி. இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டதை எழுதத்தான் வேண்டும்.

சுகிர்தாவின் வீட்டுக்குக் கீழே ஒரு வயோதிபச் சோடி இருக்கிறது. அவர்களுடைய படுக்கை அறைச் சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுத்துப்போய்விட்டது. போல்ற் துளைகளால் பனித்தண்ணீர் உள்ளே இறங்கி, சுவரின் குளிர்காப்புப் பஞ்சை நனைத்து, கீழே போயிருக்கிறது. நேற்று ஹெர் கெல்லர் நிர்வாகக் கொம்பனியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கமெராவால் சட்டியைப் படமெடுத்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

கொம்பனிக்காரர் முதலில் கேட்டது: நவம்பரிலேயே இதைக் கழற்றச் சொல்லியும் ஏன் கழற்றவில்லை?

நவம்பரில் ஹெர் கெல்லர் சொன்னது இதுதான். சுவரில் துளை போட்டுச் சட்டி பூட்டுவது தடை. மாத முடிவுக்குள் கழற்றி, துளைகளை அடைத்துவிட்டால் அவர் மேலே அறிவிக்கமாட்டாராம். நல்ல மனிதர், அப்படித்தான் சொன்னார். நான் சுகிர்தாவுக்குத் தமிழில், சட்டியில் பனி சேராமல் தட்டிவிடச் சொல்கிறார் என்றேன். ஹெர் கெல்லருக்கு டொச்சில், அவள் பார்த்துக்கொள்வாள் என்றேன். மாமாவுக்காகத்தான் என்று எழுதவந்த பேனையை நிறுத்திவிட்டேன். நாடகம் அந்த வாரம் நல்ல கட்டத்தில் இருந்தது. சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள். அவ்வளவுதான் காரணம்.

நேற்று கொம்பனிக்காரர் நவம்பர் என்றதும் சுகிர்தா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வெறுமனே பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்:

“ரெண்டு வீடும் சேந்துதான் பூட்டினது எண்டு சொல்லுங்கோ அக்கா. நீங்களும் சொன்னால் அவைக்கு விளங்கும்.”

நான் டொச்சில் சொன்னேன்: “மிகவும் வருந்துவதாகச் சொல்கிறாள். விதி தெரியாதாம்.”

கொம்பனிக்காரர் எழுதிக்கொண்டார். என்னுடைய டொச் நல்ல சுத்தம் என்று பாராட்டினார்.

ஜனவரி 12, ஞாயிறு

தயாபரன் சட்டியைக் கழற்றினார். பனிக்குள் சுகிர்தாவின் பல்கனி வெறுமையாகத் தெரிந்தது. சட்டி எங்கள் நிலவறையில் இருக்கிறது. இவர் குசினித் துளைக்கு எங்கள் பக்கம் சாந்து பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். குளிர்ப்பெட்டியைத் தள்ளி வைத்தபிறகு அங்கே ஒன்றும் நடந்தமாதிரித் தெரியவில்லை. நான் பிடித்துக் கொடுத்த வாளியில் சாந்து இறுகிப்போனது. எறிந்துவிட்டேன்.

சனிக்கிழமைக்காரருக்குப் பெட்டி பழுது என்று சொன்னேன்.

ஜனவரி 30, வியாழன்

சுகிர்தாவை ஏப்ரல் முடிவுக்குள் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தை அவள் என்னிடம் கொண்டுவரவில்லை. வேலையிடத்தில் பொறுப்பாயிருக்கிற ஒரு சுவிஸ் பெண் வாசித்து விளங்கப்படுத்தினாவாம். படியில் கண்டபோது நான் கேட்டுத்தான் சொன்னாள். வீடு இல்லாவிட்டால் ஆரணியின் விண்ணப்பம் நின்றுவிடும். வேறு வீடு கேட்டாலும், ஏன் எழுப்பினார்கள் என்று பழைய நிர்வாகத்திடம் விசாரிக்காமல் யாரும் கொடுக்கமாட்டார்கள். இதையெல்லாம் காலநிலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். கையில் இரண்டு பை இருந்தது. ஒன்றை வாங்கப் போனேன். பரவாயில்லை என்று தானே தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஜனவரி 31, வெள்ளி

இவரிடம் கதைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“நீர் போய்ச் சொன்னால் அவளை விட்டிட்டு எங்களை எழுப்புவாங்கள். சட்டி எங்கட. சுவரில ஓட்டை போட்டதும் நாங்கள். அப்பாவையும் வைச்சுக்கொண்டு எங்க போறது? பேசாம இரும்.”

அவருடைய பயம் நியாயமானதுதான். பதினைந்து வருடம் ஒரே தொழிற்சாலையில் தலை குனிந்து வேலை செய்கிறவர். கந்தோர் முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்தாலே அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுகமாகவும் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஏன் நிற்கிறீர்கள், ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பழக்கத்தில் வந்துவிட்டேன் என்றார்.

பிறகுதான் சொன்னார். ஞாயிறு தோறும் இந்த நேரத்தில் சுகிர்தா தன் குசினியில் நின்று மகளோடு ரெலிபோனில் கதைப்பாளாம். துளை இருந்தவரை இங்கே நின்றால் எல்லாம் தெளிவாகக் கேட்குமாம். ரீவியைவிட அதுதான் தனக்குப் பிடித்தது என்றார். ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் கதைக்கிறமாதிரி இருந்ததாம். மாமா ஒட்டுக்கேட்டாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் என்ன கதைப்பாள் என்று கேட்டேன்.

“எல்லாம் கதைக்கும். பள்ளிக்கூடம், சாப்பாடு. நீ இஞ்ச வந்தாப் பயப்பிடத் தேவையில்ல, பக்கத்து வீட்டில ஒரு அக்கா இருக்கிறா, நல்லா டொச் தெரியும், உனக்குச் சொல்லித்தருவா எண்டு சொல்லும். அந்தப் பிள்ளை ஏதும் பயந்து கேட்டிருக்கும் போல. ஒவ்வொரு கிழமையும் அதைச் சொல்லும்.”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழைந்துவிட்டது. மாமாவுக்குக் கதை முழுக்கத் தெரியுமோ தெரியாதோ என்று நினைத்தேன். ரீவி இல்லாமல் உங்களுக்குப் பொழுது போகுதில்லையே மாமா, எல்லாம் உங்களுக்காகத்தானே செய்தது என்றேன். ஏன் அப்போது அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“நான் கேட்டனானே பிள்ளை?” என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. கேட்டோமோ என்று தனக்கே சந்தேகம் வந்தவரைப் போலக் கேட்டார்.

இல்லை மாமா, நீங்கள் கேட்கவில்லை என்றேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

சுகிர்தா வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கிற சபைக்கு முறையிட்டிருக்கிறாள். அந்தச் சுவிஸ் பெண்தான் எழுதிக் கொடுத்தாவாம். மார்ச் ஆறாம் திகதி விசாரணை. மொழிபெயர்க்க நான் வரட்டோ என்று கேட்டேன்.

“இல்ல அக்கா. அவையே பேர்ணிலயிருந்து ஒராளை ஒழுங்குபடுத்தியிருக்கினம்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பெப்ரவரி 27, வியாழன்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தட்டத்தை உடைத்துவிட்டு, நான் பார்க்கமுன் மற்றப் பிள்ளையின் மேசைக்குக் கீழே துண்டுகளைத் தள்ளியது. பார்த்துவிட்டேன். அதை ஏச எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 5, புதன்

நாளைக்கு விசாரணைக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். இவருடைய வேலைச் சேர்ட்டை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தேன், இவர் அதைக் கையிலிருந்து பிடுங்கித் தானே ஸ்திரிக்கை போட்டார்.

மார்ச் 6, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

சின்ன அறை. நடுவில் தலைவர், ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு பக்கம் கொம்பனிக்காரரும் ஹெர் கெல்லரும். மறுபக்கம் சுகிர்தா. அவளுக்கு அருகில் மொழிபெயர்ப்பாளர், இருபத்தைந்து வயதிருக்கும், கட்டையாக வெட்டிய தலைமுடி. இங்கே வளர்ந்த எங்கள் ஆட்களின் பெண்பிள்ளை. என்னைக் கண்டதும் சுகிர்தாவின் முகம் மாறவில்லை. கொம்பனிக்காரர் மட்டும் தெரிந்தவரைப் போல் தலையசைத்தார்.

அவர் தன் பக்கத்தைச் சொன்னார். எச்சரிக்கை கொடுத்தது, கழற்றாதது, ஈரம், சேதம். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தலைவர் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டா. எழுந்தேன். பக்கத்து வீட்டில் இருக்கிறேன், இந்த விஷயத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது என்றேன். இரவெல்லாம் டொச்சில் அழகாகக் கோர்த்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. சின்னச் சின்ன வசனமாகத்தான் வந்தது.

சட்டி எங்களுடையது என்றேன். உடனே பக்கத்தில் அந்தப் பெண் சுகிர்தாவுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “சட்டி தங்களுடையதாம்.”

இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்லச் சொல்ல, என் குரலுக்குப் பின்னாலேயே அது தமிழில் வந்துகொண்டிருந்தது.

“பெரிய சட்டி வேணும் எண்டு தான்தான் பிடிவாதமா நிண்டவவாம்.”

“நவம்பரில ஹெர் கெல்லர் கழற்றச் சொன்னதை உங்களுக்குத் தான் மாத்திச் சொன்னவவாம்.”

“ஜனவரியில, ரெண்டு வீடும் சேந்து பூட்டினது எண்டு நீங்கள் சொல்லச் சொன்னதைத் தான் சொல்லேல்லையாம். வேணுமெண்டுதான் விட்டவவாம்.”

அந்தப் பிள்ளைக்கு என்னையும் தெரியாது, சுகிர்தாவையும் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். இத்தனை வருடமாக எத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் மற்றப் பக்கத்தில் இருந்ததில்லை. என்னுடைய சொல் இன்னொருவர் வாயால் வரும்போது அதற்கு ஒரு சமாதானமும் ஒட்டியிருக்கவில்லை. மாமாவுக்காக என்று சொல்ல நினைத்திருந்தேன். அந்தப் பெண் அதையும் அப்படியே சொல்லுவாள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

ஹெர் கெல்லர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையும் ஏமாற்றியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் சுகிர்தாவின் வீட்டைப் பறிப்பதில்லை என்று கொம்பனிக்காரர் ஒப்புக்கொண்டார். சுவரைத் திருத்துகிற செலவு எங்களுடையது. எங்கள் வீட்டைப் பற்றித் தனியாக அறிவிப்பார்கள் என்றார். என்ன அறிவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் நானும் சுகிர்தாவும்தான் நின்றோம். மன்னித்துக்கொள்ளும் என்றேன். அவள் றோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“நவம்பரில அவர் சொன்னது எனக்கு விளங்கினது அக்கா. துப்புரவு வேலை செய்யிற எனக்கு, எடு, அகற்று எண்ட சொல்லு தெரியாமலிருக்குமே? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதில விழுற சொல்லு.”

அப்படியென்றால் ஏன் கழற்றச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் அதை அப்படியே விடச் சொல்லுறியள் எண்டால், பிறகு ஒண்டு வந்தா என்னோட நிப்பியள் எண்டு நினைச்சன். அதோட, சட்டி போனா நீங்கள் ஏன் என்ர கதவைத் தட்டப் போறியள்?”

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள். நான் பின்கதவால் ஏறினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஏப்ரல் முடிவுக்குள் நாங்கள் எழும்ப வேண்டும். இவர் ஒரு கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை, பிரான்ஸ் எல்லைப் பக்கம் மலைக் கிராமத்தில் ஒரு வீடு இருக்கிறதாம், பார்க்கப் போவோமா என்று கேட்டார். வேலைக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். போவோம் என்றேன். வழியில் என் பக்கம் திரும்பாமல், அவளுடைய பிள்ளை வருமாமோ என்று கேட்டார். தெரியாது, வருமாக்கும் என்றேன்.

இந்திராணி அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்காகவோ நீர் வீட்டை இழந்தனீர் என்று ரெலிபோனில் கேட்டா. அவளுக்காக இல்லை, எங்கள் சட்டிக்காக என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. வீட்டை ஒப்படைக்கும்போது குளிர்ப்பெட்டி நின்ற இடத்தை ஹெர் கெல்லருக்கு நானே காட்டினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். போகும்போது கை கொடுத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சுகிர்தாவின் கதவைத் தட்டினேன். வேலைக்குப் போய்விட்டாள் போல. உள்ளே சத்தமில்லை. மாமா என்னைத் தாண்டிப் போய்த் தானும் ஒருதரம் தட்டினார். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு இவர் கீழே ஹோர்ன் அடித்தார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மாமாவைக் கண் டொக்டரிடம் காட்ட நேற்றுப் பீலுக்குப் போய், இரவு இந்திராணி அக்கா வீட்டில் தங்கிவிட்டு இன்று திரும்பினோம். ஸ்ரேசனில் ரயிலுக்கு நிற்கும்போது மாமாதான் முதலில் கண்டார். சுகிர்தா. பக்கத்தில் அவளுடைய தோளளவு உயரத்தில் ஒரு பெண்பிள்ளை, முதுகில் புத்தம் புதுப் பள்ளிக்கூடப் பை. ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பை என்று தெரியவில்லை. கழற்ற மனமில்லையாக்கும்.

அவளும் கண்டுவிட்டாள். கிட்டப் போனோம். மாமா பிள்ளையின் தலையைத் தடவி, ஆரணிதானே என்று கேட்டார். பிள்ளை தாயைப் பார்த்தது.

“ஆரம்மா இவை?”

சுகிர்தா என்னைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“முந்திப் பக்கத்து வீட்டில இருந்தவை,” என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றுதான் எனக்கும் பட்டது. எப்போது வந்தது, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். யூலையில் வந்ததாம். நாளைக்குத்தான் முதல் நாளாம். பின்னேரங்களில் டொச் சொல்லிக்கொடுக்க நகரசபையில் ஒரு வகுப்பு இருக்கிறதாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், மரியாதையாகச் சொன்னாள்.

பிள்ளை கதைத்துப் பழக ஆள் கிடைத்த சந்தோசத்தில் என்னிடம் கையை நீட்டி, டொச்சில் தன் பெயரைச் சொல்லி, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றது. ஒரு சொல்லை மாற்றிப்போட்டுச் சொன்னது. திருத்த வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எனக்கும் மகிழ்ச்சி என்று டொச்சிலேயே சொல்லிக் கையைப் பிடித்தேன். சின்னக் கை, வேர்த்திருந்தது.

சுகிர்தா ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.